சின்னத்தாய் செய்து பார்த்த வரி

“இதுல என்னம்மா தப்பு?” என்று பட்டாசுக் கம்பெனி முதலாளி முத்துக்கிருஷ்ணன் அண்ணாச்சி கேட்டார். ராக்கெட் பெட்டியில் ஒட்டும் லேபிளின் மாதிரித் தாள் அவர் கையில் இருந்தது.

ஒரே ஒரு சொல்தான் என்றாள் அப்ரின். ராக்கெட்டைப் பாட்டிலில் வைக்கவும் என்பதை இங்கிலீஷில் எழுதியவர் ‘ஆன்’ என்று போட்டுவிட்டார். ‘இன்’ என்று வர வேண்டும். அண்ணாச்சி சிரித்தார். பாட்டில்ல வைன்னா பாட்டில்லதான வைப்பான், வெள்ளைக்காரன் அம்புட்டு மடையனா என்றார். நமக்குப் பாட்டிலில் என்றால் போதும், அவர்களுக்கு உள்ளேயா மேலேயா என்று சொல்லியாக வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள். சாயங்காலம் லேபிள் அச்சடிக்க ஃபிலிம் பிரஸ்ஸுக்குப் போகணும், நீ டைப் அடிச்சாப் போதும் என்று அவர் முடித்துவிட்டார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னத்தாய் உள்ளே தலையை நீட்டினாள். “அதுல எழுதியிருக்கபடியே நான் வச்சுக் காட்டட்டுமா, அண்ணாச்சி?”

அது 2007. சிவகாசியில் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டு ஆர்டர். அப்ரின் விருதுநகரில் படித்து முடித்து ஆபீசில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் ஒன்றை இரண்டு தடவை சொல்ல மாட்டாள். இந்த லேபிளை நம்பி எங்கோ ஒரு பிள்ளை தீ வைக்கும் என்ற நினைப்புதான் அன்று அவளைப் பேசவைத்தது.

சின்னத்தாய் சாத்தூர்ப் பக்கமிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். ஒவ்வொரு லோடிலும் நாலைந்து சரக்கை எடுத்துத் திடலில் கொளுத்திப் பார்ப்பது அவள் வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. எதையும் கையால் செய்து பார்க்காமல் நம்ப மாட்டாள். திரி நனைந்துவிட்டது என்று ஃபோர்மேனே சொன்னாலும், “அதை வெடி சொல்லட்டும்” என்பாள்.

திடலுக்குப் போனார்கள். அப்ரின் ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கி வாசித்தாள். “ராக்கெட்டைப் பாட்டிலின் மேலே வை.” சின்னத்தாய் ராக்கெட்டைப் பாட்டில் வாயின் குறுக்கே படுக்கவைத்தாள். அதன் மூக்கு அண்ணாச்சியின் வெள்ளைக் காரைப் பார்த்திருந்தது. அவள் ஊதுவத்தியோடு குனிந்தாள்.

“அடுத்த வரி என்ன, தாயி?” என்று அப்ரினைக் கேட்டாள்.

“திரியைப் பற்றவை.”

“ஏ, நில்லு!” என்றார் அண்ணாச்சி.

“நான் என்ன செய்ய? லேபிளுல்லா சொல்லுது.”

டீ குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்ரின் தான் திருத்திய வரியை வாசித்தாள்: “ராக்கெட்டைப் பாட்டிலின் உள்ளே வை.” குச்சி பாட்டிலுக்குள் இறங்கியது, ராக்கெட் நேராக வானத்துக்குப் போய் வெடித்தது. அண்ணாச்சி அங்கேயே செல்போனை எடுத்து, ஃபிலிமை நிறுத்தச் சொன்னார்.

அந்த ஆர்டரின் மீதிப் பதினோரு லேபிள்களும் அப்படியே செய்து பார்த்துத் தேறின. லேபிளில் இருந்தபடி சங்குச்சக்கரத்தை மண்ணுக்குள் வைத்தபோது அது சுற்றாமல் புகைந்தது; மண்ணின் மேல் வைத்ததும் சுழன்றது. அந்தச் சொல்லும் மாறியது. வாங்குகிறவர்கள் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் எல்லாவற்றுக்கும் சம்மதம் அனுப்பினார்கள். இனி இங்கிலீஷில் எது போனாலும் அப்ரின் வாசித்துச் சின்னத்தாய் செய்துகாட்டிய பிறகுதான் போக வேண்டும் என்று அண்ணாச்சி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அன்று சாயங்காலம் வேனில் ஏறப் போன சின்னத்தாய் திரும்பி வந்தாள்.

“எங்க வெடிமருந்து ரூம்புச் சொவத்துல, தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு ஒரு தாளு ஒட்டியிருக்காக. அதை இதுவரைக்கும் யாரு செஞ்சு பாத்தா? நாளைக்கு நீ வந்து வாசி, தாயி. நான் செய்யுதேன். சரிப்படலைன்னா, எங்களுக்குப் புரியுற மாதிரி புதுசா எழுதிக் குடு.”