பெண்கள் பக்கத்துச் சுவர்

கலெக்டர் ஆபீஸ் ஆவண அறையில் உட்கார்ந்து பழைய சினிமா கொட்டகைக் கோப்புகளைப் படிக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் காலேஜில் சிரித்தார்கள். வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் கோயிலைப் பார்க்க வேண்டும், கல்வெட்டைப் பார்க்க வேண்டும். கொட்டாயில் என்னங்க வரலாறு என்று கேட்டார்கள். விருத்தாசலத்தில் ஒரு காலத்தில் சாயங்காலமானால் பாதி ஊர் எங்கே இருந்தது என்று திருப்பிக் கேட்டேன். கோடை விடுமுறை விட்டதும் கிளம்பிவிட்டேன். காலையில் பஸ் ஏறி நெய்வேலி, வடலூர் தாண்டிக் கடலூரில் போய் இறங்குவேன். அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் ஓரமாக ஒரு மேசை கொடுப்பார்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் காகிதம் பறக்கும், தள்ளி உட்கார்ந்தால் வேர்வை கோப்பில் சொட்டும். நான் வேர்வையையே வைத்துக்கொண்டேன்.

கொட்டகை நடத்துகிறவர் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதிகாரி ஒருவர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். வாசல் எத்தனை, கழிப்பிடம் எங்கே, மெஷின் ரூமுக்கு என்ன கூரை, தீப்பிடித்தால் அணைக்க மணல் வாளிகள் இருக்கின்றனவா, இப்படி. ஊரில் அப்போது ஓடிக்கொண்டிருந்த கொட்டகைகள் எல்லாவற்றையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு அறிக்கையிலும் கடைசியில் ஒரே வரி: ‘ஒரு வாளிக்குக் கைப்பிடி இல்லை.’ மூன்றாவது தடவை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அதே வாளிகள்தான் ராத்திரியோடு ராத்திரியாகத் தள்ளுவண்டி ஏறி அடுத்த கொட்டகைக்குப் போயிருக்கின்றன. அங்கிருந்த கிளார்க் தலையைத் தூக்கி முறைத்தார். அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

புத்தகம் எழுதப்போகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் ஊருக்காக. நான் உண்மையில் தேடிப் போனது ஒரே ஒரு கொட்டகையை. பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் இருந்தது. இப்போது அது பீங்கான் சாமான் அடுக்கி வைக்கிற குடோன்; உள்ளே வைக்கோலும் ஃபியூஸ் கட்டைப் பெட்டிகளும்தான். அந்தக் கொட்டகையில்தான் என் அக்காவின் படிப்பு நின்றது.

அப்பாவுக்கு நல்லூர் பக்கம் விவசாயம். எங்கள் படிப்புக்காக அம்மாவும் அக்காவும் நானும் டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். வாரக் கடைசியில் அப்பா வருவார். வீட்டுப் பொம்பளைகள் கொட்டாய் வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு நாள் லீவு. அதில் ஒரு நாள் மத்தியானம் அவள் படத்துக்குப் போயிருக்கிறாள். உரம் வாங்க டவுனுக்கு வந்த சித்தப்பாவும் வந்த வேலையை விட்டுவிட்டு அதே படத்துக்குப் போயிருக்கிறார். போனவர் நேரே நல்லூர் திரும்பி, ‘பெரியவ கொட்டாயில ஒரு பையனோட உட்காந்து படம் பாக்குறா’ என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா அன்றைக்கே வந்தார். பெல்ட்டைக் கழற்றினார். அக்கா மிச்சப் பரீட்சை எழுதவில்லை. ஆவணி பிறந்ததும் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் அப்போது மூன்றாவது படித்தேன். அடி விழ விழ அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. “நான் பொம்பளைங்க பக்கந்தாம்பா உட்காந்திருந்தேன்.”

மாமா நல்ல மனுஷர், அக்கா எப்படியோ காலத்தை ஓட்டிவிட்டாள். ஊரும் மறந்துவிட்டது. சித்தப்பாதான் மறக்கவில்லை. எண்பது வயதிலும் அந்த வாய்க்கு ஓய்வு கிடையாது. நான் கடலூருக்குப் போன வருஷம் தை மாசம் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில், வயசுப் பெண்களுக்குப் புத்தி சொல்கிறேன் என்று ஆரம்பித்து, “எங்கண்ணன் பெரிய பொண்ணு கூட அப்பவே கொட்டாயில பையனோட பிடிபட்டவதான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எதிர் வரிசையில் அக்காவின் மகன் உட்கார்ந்திருந்தான். பாதி இலையில் எழுந்து போய்விட்டான்.

அதற்கப்புறம் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சென்னையில் வேலை பார்க்கிறவன், தினம் போன் செய்கிறவன். “நான் பண்ணாலும் எடுக்க மாட்டேங்குறான்டி” என்றாள் அக்கா. முப்பது வயது தாண்டிய ஆம்பளைக்கு, அம்மாவைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்கத் தெரியாதா? அவனையும் விடக் கூடாது, அந்தக் கிழவனையும் விடக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் நான் கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

விடுமுறை முடியப் போகிற நேரத்தில் அந்தக் கொட்டகையின் கோப்புக் கட்டு கையில் கிடைத்தது. உள்ளே நீலத்தாளில் போட்ட பிளான். விரித்துப் பார்த்தேன். பெண்கள் தரை தனி. அதற்கு டிக்கெட் கவுண்டர் தனி, வாசல் தனி. ஆண்கள் தரைக்கும் பெண்கள் தரைக்கும் நடுவே ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர், பின்பக்கத்திலிருந்து திரை வரைக்கும். ஆண்கள் பக்கத்தில் பின்னால் பெஞ்சு. பெஞ்சிலிருந்து பார்த்தேன் என்பதுதான் சித்தப்பா இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த கதை. அந்தச் சுவர் இருக்கும்போது பெஞ்சிலிருந்து பெண்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கடவுளாலும் பார்க்க முடியாது. ‘மாட்டினியா சித்தப்பா’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனு எழுதிக்கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கினேன். முதலில் அக்கா கையில் கொடுப்பது, அப்புறம் மகனிடம் காட்டுவது, கடைசியில் கிழவர் முகத்தில் விட்டெறிவது என்று பஸ்ஸிலேயே திட்டம் போட்டுவிட்டேன்.

அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். என்னோடுதான் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். “சரி, போயிட்டு வா” என்றாள்.

சேத்தியாத்தோப்பில் அக்கா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளிவிட்டுத் தரையில் பிளானை விரித்தேன். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி விரல் வைத்துக் காட்டினேன். இது வாசல், இது கவுண்டர், இது பெஞ்சு, இது சுவர். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

“எங்கடி இருந்துது இந்தச் செவுரு?”

“இதோ, கோடு போட்டிருக்கு பாருக்கா. கவர்மென்ட் சீல் இருக்குது.”

“சீலு இருக்குது. செவுரு இல்லியே. இடுப்பு ஒசரத்துக்குக் கீத்துத் தட்டி ஒண்ணு கட்டியிருப்பாங்க. அதுவும் பாதி பிஞ்சி கெடக்கும். ஆம்பளைங்க அந்தாண்ட பீடி குடிச்சா இந்தாண்ட நாங்க இருமுவோம்.” சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “பக்கெட்டு கதைய சொல்லி அந்தச் சிரிப்பு சிரிச்சியே. பக்கெட்டு பொய்யி, செவுரு மட்டும் நெசமா? நல்லா படிச்ச போ!”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதிகாரிக்குக் காட்ட வாளியை இரவல் வாங்கினவன், அனுமதிக்காகச் சுவரைக் காகிதத்தில் மட்டும் கட்டியிருக்க மாட்டானா? வேறு யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் நானே சிவப்பு மையில் கிழித்திருப்பேன்.

“அப்ப சித்தப்பா சொன்னது?”

“அவரு பாத்தது நெசம். சொன்னதுதான் பொய்யி. எங்க கிளாசு பையன் ஒருத்தன் இன்டர்வல்ல தட்டிக்கு அந்தாண்ட வந்து நின்னான். கணக்கு பரிச்சைக்கு எதெல்லாம் படிச்சிருக்கன்னு கேட்டான். சொன்னேன், போயிட்டான். அவ்ளோதான்டி.”

“பரிச்சைய வச்சிகிட்டு நீ தனியா எதுக்குப் படத்துக்குப் போன? அதான் எனக்குப் புரியல.”

மறுபடி கீரை எடுக்கப் போன அவள் கை நின்றது.

“தனியா போனேன்னு யாரு சொன்னா?”

நான் பிளானை மடித்தேன்.

“படிச்சிப் படிச்சி தல வலிக்குதுன்னேன். அம்மாதான் வாடி போயிட்டு வரலாம்னு கூட்டிட்டுப் போனா. இன்டர்வல்ல முறுக்கு வாங்கியாரேன்னு வெளிய போனா. அங்க சித்தப்பாவப் பாத்துட்டா. அவரு இவளப் பாக்கல. அப்படியே வூட்டுக்குப் போயிட்டா.”

“உன்ன வுட்டுட்டா?”

“வருவா வருவான்னு உட்காந்திருந்தேன். படம் முடிஞ்சி எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. கூட்டுறவன் வந்து வெளக்கமாத்தால தரையத் தட்டுனான். அப்பறந்தான் எழுந்து வந்தேன்.”

ஐயோ, என் அம்மா. யாரையும் கைவிடாதவள் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த அம்மா. அந்த நாள் சாயங்காலம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அம்மா எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். எப்போதும் நானே சாப்பிடுகிறவள், அன்றைக்கு மட்டும் ஏன் ஊட்டினாள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

“அப்பா அடிக்கிறப்பவாவது சொல்லியிருக்கலாமில்லக்கா?”

“அம்மாவத்தான் பாத்துகிட்டே இருந்தேன். அவ அடுப்பப் பாத்துகிட்டே இருந்தா.” அக்கா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். “சொன்னா அவளுக்கும் விழும்டி. முன்னாடி ஒரு தடவ படத்துக்குப் போயிட்டு வந்தான்னு அப்பா அவ கைய முறுக்கி ஒடிச்சிட்டாரு. நீ அப்ப கைக்கொழந்த. மாவுக்கட்டோட உனக்குப் பால் குடுத்தா. நான்தான் உன்னத் தூக்கித் தூக்கி அவ மடியில போடுவேன். அதப் பாத்தவளுக்கு எப்படிடி வாய் வரும்?”

எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. அம்மா மேல் வந்தது, அந்த ஒடிந்த கையை நினைத்ததும் அடங்கியது, திரும்பவும் வந்தது. செத்துப்போன அப்பாவை என்ன செய்ய முடியும்? கடைசியில் அக்கா மேலேயே பாய்ந்தேன்.

“இப்பச் சொல்ல வேண்டியதுதான? அப்பா போயி எவ்ளோ வருஷமாச்சி! அம்மாவே ஒம் புள்ளகிட்ட பேசட்டும். ஒரு வார்த்த. ‘நான்தான்டா கூட்டிட்டுப் போனேன்’னு ஒரு வார்த்த.”

“வேணாம்.”

“அவன் பேசாம இருக்கறது உனக்கு வலிக்கல?”

“வலிக்காம? போனையே பாத்துகிட்டு கெடக்குறேன். டவர் இல்லியோன்னு மாடிக்கெல்லாம் போயிப் பாக்குறேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா இந்த வயசுல அவகிட்ட போயி இதக் கேட்டா அவ அன்னிக்கே செத்துருவா. அடிபட்டதும் ஆச்சி, படிப்பு போனதும் ஆச்சி. எல்லாத்தையும் குடுத்துதான் அவளக் காப்பாத்தினேன். இப்ப காட்டிக்குடுத்தா அதெல்லாம் எதுக்கு?”

“அப்ப ஒம் புள்ள?”

“அம்மா போனப்பறம் அவன்கிட்ட சொல்லு. நீதான் சொல்லணும், எனக்கு வாய் வராது. அதுவரைக்கும் மூச்சு வுடக் கூடாது.” என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். கீரை வாசம் அடித்தது. நான் சத்தியம் செய்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிளான் மடியில் இருந்தது. புத்தகத்தில் அந்தக் கொட்டகையைப் பற்றி என்ன எழுதுவது? சுவர் இருந்தது என்று எழுதினால் முத்திரையே சாட்சி. தட்டிதான் இருந்தது என்று எழுதினால், யார் சொன்னது என்று கேட்பார்கள். சொன்னவளைக் காட்ட முடியாது. அவளோடு உட்கார்ந்திருந்தவளையும் காட்ட முடியாது. அந்த அத்தியாயத்தை எழுதவே கூடாது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலையில் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே மூடிக் கிடந்தது. வேலைக்கு வருகிற பெண், “பெரியம்மா ஒண்ணுமே சாப்புடலங்க, எவ்ளோ சொல்லியும் கேக்கல” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

“அக்கா ஏதாச்சும் சொன்னாளா?” என்றாள் அம்மா.

சேத்தியாத்தோப்பு போய்விட்டு வருகிறபோதெல்லாம் அவள் முதலில் கேட்பது இதைத்தான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று அதற்கப்புறம்தான் கேட்பாள். இத்தனை வருஷமும் அது பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் என் வாயிலேயே இருந்தது.

“ஒண்ணும் சொல்லலம்மா.”

“அந்தப் பேப்பர?”

“பாத்தா. சந்தோஷப்பட்டா.”

அம்மா காலைக் கீழே போட்டு, “பசிக்குதுடி, சோறு போடு” என்றாள். சுடச்சுட வடித்துப் போட்டேன். குனிந்து நன்றாகச் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். இடது கையை மடியில் வைத்திருந்தாள். அந்த மணிக்கட்டு கொஞ்சம் கோணியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே ரசம் ஊற்றினேன். ஊற்றும்போது என்னை அறியாமல் அவள் வயதைக் கூட்டிப் பார்த்தேன். இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுவிட்டேன். ரசம் தட்டுக்கு வெளியே கொட்டியது.

“பாத்து ஊத்துடி, கை சுட்டுக்கப் போற” என்றாள் அம்மா.