அறுபத்துமூன்று பூங்கொத்துகள்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டின் முன்பக்கம் ஒரு கார் நிற்கும் அளவுக்குத்தான் இருக்கிறது. மகன் அதை மூன்று தடவை நாடா பிடித்து அளந்துவிட்டான். நடுவில் நிற்பது என் கிராப் ஆப்பிள் மரம். இளவேனிலில் மரம் நிறையப் பூக்கும், பிறகு கோலிக்குண்டு அளவில் புளிப்புக் காய் காய்க்கும் என்று வாங்கும்போது அதில் தொங்கிய அட்டை சொன்னது. ஐந்து வருடமாக நான் கண்டது இலை மட்டும்.

காரணம் நகரின் மறுபக்கம் மோர்டனில் இருக்கிறது: என் மனைவியின் தம்பி. மாரிகாலம் வந்தால் மரம் அறுக்கும் கைவாளோடு வந்து நிற்பான்.

"முருங்கையை என்ன செய்யிறனாங்கள், அத்தான்? மொட்டையடிச்சு விட்டாத்தான் பூக்கும்."

"இது முருங்கை இல்லை."

"எல்லாம் மரந்தானே. நீங்கள் உள்ளை போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

வெட்டிய இடத்திலெல்லாம் விளக்குமாற்று ஈர்க்குப் போல நெட்டைக் கொப்புகள் கிளம்பும். பூ வருவதோ முதிர்ந்த குட்டைக் கொப்புகளில். அவற்றை அவன் விட்டுவைத்தால்தானே? கடைசி இரண்டு மாரியும் அவனை வாசலிலேயே மறித்து, வாளைத் திரும்பக் காரில் வைக்கச் செய்தேன். இரண்டு தடவையும் அவன் சாப்பிடாமல் போனான். இரண்டு தடவையும் மனைவி என்னோடு பேசவில்லை.

இந்த வருடம் மகன் பொறுமை இழந்தான்.

"அப்பா, இந்த முறையும் பூக்காட்டி நான் மரத்தை வெட்டிப்போட்டுக் கொங்கிரீட் போடுறன். ரெண்டு தெரு தள்ளிக் காரை விட்டிட்டு மழையிலை நடக்க ஏலாது."

"பூத்தால்?"

"பூத்தால் மரம் நிக்கட்டும்."

"நீ கொங்கிரீட்டைப் போடு, ராசா," என்றாள் மனைவி குசினியிலிருந்து. "சாமான் பையோடை நடந்து என்ரை முழங்கால் போச்சு."

ஏப்ரலில் மகன் வேலை விஷயமாக மான்செஸ்டர் போனான். சனிக்கிழமை கொங்கிரீட் போடும் ஆளோடு வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் போன பிறகுதான் மொட்டு வந்தது. கடும் இளஞ்சிவப்பு. முதலில் பன்னிரண்டு கொத்து, பிறகு நாற்பது, வியாழக்கிழமை அறுபத்துமூன்று. இரண்டு தரம் எண்ணினேன். வெள்ளி காலையில் கீழ்க்கொப்புகளெல்லாம் வெள்ளையாக விரிந்திருந்தன. நிம்மதியாக இரத்த அழுத்தம் பார்க்க டாக்டரிடம் போனேன்.

திரும்பி வந்தபோது மரம் வெறுமையாக நின்றது. கைக்கு எட்டும் உயரம் வரை ஒரு பூ இல்லை. உச்சியில் ஒன்பது கொத்து, அவையும் மொட்டு. உள்ளே சாமி அறையில் பிள்ளையார் கழுத்தளவு பூவுக்குள் இருந்தார்.

"இஞ்சேர், என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

"ஏன், வெள்ளிக்கிழமையெல்லே? வீட்டிலை முதல் முதல் பூத்த பூவைச் சாமிக்கு வைக்காமல் ஆருக்கு வைக்கிறது?"

மறுநாள் மகன் வந்தான். கொங்கிரீட் ஆள் நாடாவை இழுத்துப் பிடித்தான்.

"ஒன்பது மொட்டு, அப்பா. இதைப் பூத்ததெண்டு சொல்லேலாது."

அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சாமி அறையில் விட்டேன். "எண்ணு. ஐம்பத்துநாலு கொத்து இருக்கும்."

விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏன் எண்ணுறியள்?"

"மரத்தை வெட்ட ஆள் வந்து நிக்குது," என்றேன்.

"சாமிக்குப் பூக் குடுத்த மரத்தையோ? கை வைக்க விடமாட்டன்."

"நீங்கள்தானே அம்மா கொங்கிரீட் போடச் சொன்னது!"

"அப்ப அது பூக்கேல்லை."

"உங்கடை முழங்கால்?"

"முழங்காலைப் பிள்ளையார் பாப்பார். அந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பு."

அப்படித்தான் மரம் தப்பியது. இரண்டு மாரி வாளை மறித்தவன் நான், பெயர் பிள்ளையாருக்கு. போகட்டும். மீதி ஒன்பது கொத்தாவது காய்த்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிறு காலை முன்பக்கம் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். ஒன்பதும் விரிந்திருந்தன. மனைவி பூக்கூடையோடு கீழே நின்றாள். மரத்தை வெட்ட வந்த மகன், குசினி ஏணியை மரத்தடியில் விரித்து, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மெதுவா ஏறுங்கோ, அம்மா," என்றான். "உச்சியிலை இன்னும் கிடக்கு."