பன்னிரண்டாம் நம்பர் பைனாகுலர்

என் கணவரைப் பொறுத்தவரை எண் கூடினால் சரக்கு உசத்தி. சேலை வியாபாரத்தில் ஊறியவர். நாற்பதாம் நம்பர் நூலைவிட அறுபது நயம், அறுபதைவிட எண்பது நயம், நூறு என்றால் கல்லாவை விட்டு எழுந்து வந்து தானே விரித்துக் காட்டுவார். சங்கரன்கோவிலில் தறிச்சத்தம் கேட்கும் தெருவில் கடை வைத்திருக்கும் எவருக்கும் புத்தி இப்படித்தான் ஓடும். பழைய பைனாகுலரின் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துப் போனபோது, போனில் தேடி, எட்டு, பத்து என்று போட்டிருந்ததையெல்லாம் தள்ளிவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டிருந்ததை வரவழைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பன்னிரண்டைத்தான் சொல்லியிருப்பேன்.

அவருக்குப் பருந்துக் கிறுக்கு. மழை முடிந்து பனி இறங்கத் தொடங்கியதும் பூனைப்பருந்துகள் எங்கிருந்தோ வந்து திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் தங்கும். பகலெல்லாம் தாழப் பறந்து அலைந்துவிட்டு, பொழுது சாயும்போது தரிசுப் புல்லுக்குள் இறங்கித் தரையிலேயே அடையும். கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் அங்கே போய் நிற்பார். சாம்பல் நிற ஆண் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அந்த வாரம் முழுக்க வீட்டில் சத்தம் இருக்காது. என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குவதற்கு உண்டானது.

கொஞ்ச காலமாக நானும் கூடப் போக வேண்டியதாகிவிட்டது. அவர் கை நடுங்க ஆரம்பித்ததுதான் காரணம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "ஏட்டி, நீ ஓட்டு. பின்னால உக்காந்தா எனக்கு வானம் பாக்கத் தோதா இருக்கும்" என்றார். நானும் வண்டியை எடுத்தேன். இப்போதெல்லாம் டம்ளரில் பாதிக்கு மேல் காப்பி ஊற்றுவதில்லை. வேறு எதையாவது பேசிக்கொண்டே சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிறேன். டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை சத்து மாத்திரை என்கிறார், நானும் அப்படியே சொல்கிறேன். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதும் ஒரு வேலைதான். கடையிலும் அடுப்படியிலும் நிற்பதைவிட அதுதான் எனக்குக் கூடுதல் அசதி.

புதுசைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன முதல் ஞாயிறன்று, நல்ல உயரத்தில் ஒரு பருந்து சுற்றியது. அவர் வைத்துப் பார்த்தார், எடுத்துத் துடைத்தார், மறுபடி வைத்தார்.

"டேமேஜ் சரக்கு. உள்ள என்னமோ ஆடுது."

நான் வாங்கிப் பார்த்தேன். கனம்தான், என் கையிலும் லேசாக ஆடியது. ஆனால் பார்க்க முடியாத அளவுக்கு இல்லை. "ஆமா, ஆடத்தான் செய்யுது" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, கையில் எடுத்துப் பார்த்தே வாங்கிவிடலாம் என்று திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். அங்கே பைனாகுலர் விற்கும் கடையில் இருந்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயது இருக்கும். விவரமானவள், ஆனால் பூசி மெழுகத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, இந்த நம்பர் கூடக் கூட, பறவை மட்டும் பெருசாத் தெரியாது. நம்ம கை அசையுத அசைவும் சேந்து பெருசாகும். கை நடுக்கம் இருந்தா எட்டுக்கு மேல போவாதீங்க. எட்டுக்குப் பக்கத்துல நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கது முன்கண்ணாடியோட அகலம். சாயங்காலம் பாக்க அந்த அகலத்துல வார வெளிச்சம் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும், இரண்டு குழாயையும் நடுவில் மடக்கி அவரவர் கண் இடைவெளிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் வாசலுக்குப் போய் எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா நிக்கி" என்றார். நிற்கவில்லை. அவர் முழங்கை விலாவோடு இடித்து இடித்து ஆடுவதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்டாண்டு வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, "பருந்து என்ன, போட்டோவுக்கா நிக்கப் போவுது?" என்றார். எட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு வரப்பில் உட்கார்ந்திருந்தோம். வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. சாம்பல் ஆண் புல்லுக்கு மேலே தவழ்ந்து வந்து, எங்களுக்கு வெகு பக்கத்தில் ஒரு மண்கட்டி மேல் உட்கார்ந்தது. அப்படி அது உட்கார்ந்து நாங்கள் கண்டதே இல்லை. அவர் பைனாகுலரைத் தூக்கினார், இறக்கினார். முழங்கைகளை முட்டியில் ஊன்றித் தூக்கினார், மூச்சைப் பிடித்துக்கொண்டார், மறுபடி இறக்கினார். நான் பார்க்காத மாதிரி வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர் மேல், அந்தப் பருந்து மேல், உள்ளதைப் போட்டு உடைத்த அந்தப் பெண் மேல்.

"இந்தா, நீ பாரு."

வாங்கி, என் கண்ணுக்கு மடக்கி, நடுச்சக்கரத்தைத் திருகினேன். பருந்து தெளிவாக வந்து நின்றது. முதுகு முழுக்கச் சாம்பல், இறக்கை நுனி கறுப்பு. காற்றில் நெஞ்சு இறகு ஒன்று தூக்கித் தூக்கி விழுந்தது. இத்தனை ஞாயிறு வந்தும் நான் அதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

"கண்ணு தெரியுதா?"

"தெரியுது. மஞ்சளா இருக்கு."

சண்டைக்கு வருகிற குரலில் சொன்னார். "எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்லட்டி. கைதான் நிக்க மாட்டேங்குது."

எத்தனையோ நாளாக நான் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். வந்துவிட்டது, நிம்மதியாக இல்லை. "நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க பாருங்க" என்று, குழாய்களை அவர் கண் அகலத்துக்கு விரிக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் நடுக்கம் என் கைக்குள்ளும் வந்தது.

"மாத்தாத. உன் கண்ணுக்கே இருக்கட்டும். இனிம நீ பாத்துச் சொல்லு."

இந்த வேலையும் இனி என்னுடையதுதான் என்று புரிந்தது. அழுகை முட்டியது. அழுதால் கண்ணாடியில் எதுவும் தெரியாது. பருந்து இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.