வாசலைப் பார்த்து நின்ற கார்

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து பத்து பாகாட் ஊருக்குப் போகும் பஸ் புறப்பட்டது. கட்டணம் இருபத்தைந்து வெள்ளி. குளிரூட்டி அளவுக்கு மீறி வேலை செய்ததால், பாதிக் கட்டணம் குளிருக்கே போயிற்று என்று சொல்ல வேண்டும்.

இது உல்லாசப் பயணம் அல்ல, தூது. சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் என் தங்கை மலர், இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போகிறாள் என்ற செய்தி கிள்ளானுக்கு எட்டிய நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நீ போயி அவள ஆஸ்பத்திரிக்குப் போக வை. நீ சொன்னா கேப்பா," என்று என்னைக் கிளப்பிவிட்டார். நான் சொல்லி மலர் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தவிர, நான் இன்சூரன்ஸ் விற்பவள். ஆபத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன், ஒரு சொட்டு ரத்தம் கண்டால் தலை சுற்றும்.

மலரின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. மூத்தவன் கொரோனா காலத்தில் பிறந்தவன். கணவரை உள்ளே விடவில்லை. விடிய விடியத் தனியாகக் கிடந்து பெற்றாள். அன்று ஓடியாடிய தாதியரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. "அவங்க மேல கோவம் இல்ல. மறுபடியும் அப்படித் தனியா கெடக்க மட்டும் என்னால முடியாது," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

பத்து பாகாட்டில் இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை குமரன் வருவார் என்று பார்த்தால், மைவி காரில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் காத்திருந்தார். "நான் திலகா. மலருக்குப் பிரசவம் பாக்கப் போற ரெண்டு பேர்ல ஒருத்தி. ஒங்கள ஏத்திட்டு வரச் சொன்னா." தூது வந்தவளை எதிர்முகாமின் வண்டியிலேயே ஏற்றிவிட்டாளே என்று தங்கையை மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

சிம்பாங் ரெங்கம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் செம்பனை, நடுநடுவே அன்னாசி விற்கும் கொட்டகைகள். இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வேண்டாவெறுப்பாத்தான்," என்றார் திலகா. அவருடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா அரசாங்க உத்தியோகம். "டாக்டர் சீட் கெடைக்கல. மிட்வைஃப் படிச்சேன். அப்பா ரொம்ப நாளு என்கூடச் சரியா பேசல. நானும் தோத்துப் போனவ மாதிரியேதான் வேலைக்குப் போயிட்டு வந்தேன். அப்புறம் என் சின்னவன், கார் சாவியத் தேடறதுக்குள்ள வீட்டு ஹால்லயே பொறந்துட்டான். மலருக்குப் பாக்கப் போற இன்னொருத்தர் ரெஜினா அக்கா, ஃபோன்ல அவங்க குரல் மட்டுந்தான் கூட இருந்துச்சு. அன்னிக்கு எனக்குப் பயமே வரல. பக்கத்துல ஒருத்தர் இருந்தா இவ்வளவு வித்தியாசமான்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு."

"அப்ப ஆஸ்பத்திரியே வேணாங்கிறீங்க?"

"அலமாக், யாரு சொன்னா? ரெண்டு பேரும் வேலையக் கத்துக்கிட்டதே அங்கதான் லா."

மலரின் வீட்டு வாசலில் குமரனின் கார் மூக்கை வெளிப்புறம் நீட்டியபடி நின்றது. பின்னிருக்கையில் துணிப்பை, குழந்தைத் துணி, தலையணை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்கு முன்பே மனம் மாறிவிட்டார்கள் என்று எண்ணி, படியேறியதும் மலரைக் கட்டிக்கொண்டு, "நல்ல முடிவு எடுத்த, தாயி," என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

குமரன்தான் விளக்கினார். அது ரெஜினா போட்ட நிபந்தனையாம். வீட்டில் பிரசவம் பார்க்க ஒப்புக்கொள்வதற்கு முன்பே, ஃபேக்டரி பஸ்கள் சாலையை அடைக்கும் மாலை நேரத்தில், குமரனைக் குளுவாங் ஆஸ்பத்திரிவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். மாதம் நெருங்கியதும் கார் வெளிவாசலைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஒருநாள் குமரன் மறந்துபோய் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியிருக்க, ரெஜினா செருப்பைக்கூடக் கழற்றாமல், "மொதல்ல காரத் திருப்பு, அப்புறம் உள்ள வர்றேன்," என்றாராம். வந்த காரியம் கெட்டது என்று எனக்குத் தோன்றினாலும், அந்தப் பெண்மணியைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

சனிக்கிழமை விடியலில் மலருக்கு வலி கண்டது. மூத்தவனை அடுத்த வீட்டில் விட்டோம். திலகாவோடு ரெஜினா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கட்டையான உருவம், கழுத்தில் சிறு சிலுவை. கை கழுவிவிட்டு மலரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சின்னக் கருவியை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பார், முதுகைத் தேய்ப்பார், மறுபடி கேட்பார். எனக்குக் கொடுத்த வேலை, மூலையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பது. வலிக்கு நடுவில் மலர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அம்மாவின் தூதை ஏறக்குறைய மறந்தே போனேன்.

பத்து மணிவாக்கில் பனிக்குடம் உடைந்தது. நீர் பச்சை கலந்து வந்தது. ரெஜினா துடிப்பைக் கேட்டார். இன்னொரு வலி வந்து போகும்வரை கருவியை எடுக்கவில்லை. திலகாவைப் பார்த்தார். திலகா ஏதும் கேட்காமல் ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரியை அழைத்தார்.

"மலரு, பிள்ள உள்ளேயே வெளிக்குப் போயிருச்சு. துடிப்பும் எறங்குது. நாம போறோம்."

"கொஞ்ச நேரம் பாக்கலாங்க்கா. இவ்வளவு தூரம் வந்தாச்சே." மலர் அவருடைய கையை இறுகப் பிடித்தாள். "அங்க போனா என்னை விட்டுருவீங்க. நான் மறுபடியும் தனியா கெடக்கணும்."

"பொய் சொல்ல மாட்டேன்மா. லேபர் ரூமுக்குள்ள என்னை விட மாட்டாங்க. இப்ப குமரனை விடுவாங்க. அந்தக் கதவு வரைக்கும் ஒன் கைய நான் விடல. ஆனா இங்க இனிமே ஒரு நிமிஷம் இல்ல."

குமரனுக்கு வண்டியைத் திருப்பும் வேலைகூட இல்லை. மலரைப் பின்னிருக்கையில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, ரெஜினா அவள் காலடியில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். நானும் திலகாவும் பின்னால் மைவியில். முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான அந்தச் சாலையைப்போல் நீண்ட சாலையில் நான் போனதே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுபடுக்கை தயாராக நின்றது. ரெஜினா அதோடு ஓடினார், கதவுவரை. அங்கிருந்த தாதியிடம் வலி கண்ட நேரம், துடிப்பு, நீரின் நிறம் எல்லாம் சொல்லிவிட்டு, மலரின் கையைக் குமரனின் கையில் வைத்தார். கதவு மூடியது.

கேண்டீனில் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். காத்திருக்கும்போது ரெஜினா தானாகவே பேசினார்.

"சின்ன வயசுல பிடான், அதான் மருத்துவச்சி, ஆகணும்னு யாரு நெனைக்கிறா? நான் தெப்ராவுல ஃபேக்டரி ஆபரேட்டரு. வேலைக்குப் போற பஸ்ஸுல என் தோழிக்கு வலி வந்துருச்சு. பஸ்ஸு நெரிசல்ல மாட்டிக்கிச்சு. பஸ்ஸு நெறையப் பொம்பளைங்க, ஒருத்திக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல. நான் அவ கையப் பிடிச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். பிள்ள தங்கல." தேத்தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். "அப்புறந்தான் தாதி வேலைக்குப் படிச்சேன். வார்டுல நல்ல வேலைதான். ஆனா ஒரே நேரத்துல நாலு பேரு முக்குவாங்க, ஒருத்தி பக்கத்துலகூட உக்கார முடியாது. அதான் வெளிய வந்தேன். கையும் பிடிக்கணும், எப்பக் கெளம்பணும்னும் தெரியணும். ரெண்டும் வேணும்மா."

குமரன் படியிறங்கி ஓடிவந்தார். பெண் குழந்தை. கருவி வைத்து எடுத்தார்களாம், கொஞ்ச நேரம் கழித்து அழுததாம், இருவரும் நலம். ரெஜினா நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு மேசையில் தலை கவிழ்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். திலகா அவருடைய முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

ஞாயிறு பிற்பகல் குளுவாங்கில் பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்பார்கள், எத்தனை கிலோ என்பார்கள், யார் ஜாடை என்பார்கள். பெற்றவளுடன் யார் இருந்தார்கள் என்று கேட்பவர்கள் இல்லை. நானும் கேட்டதில்லை.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறியதும் அம்மா அழைத்தார். குரலில் வெற்றிக் களிப்பு. "நீ போனதாலதான்டி ஆஸ்பத்திரிக்குப் போனா. எனக்குத் தெரியும், ஒன் பேச்சத் தட்ட மாட்டான்னு."

வந்த பாராட்டை வாங்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். இதை மட்டும் என்னால் வாங்க முடியவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. அந்தப் பிடான்தான் தூக்கிட்டுப் போனாங்க. மலரு போக மாட்டேன்னு அழுதா, அவங்கதான் விடல. அவங்க இல்லன்னா பிள்ள இல்ல."

மறுமுனையில் அம்மா டிவியை அணைப்பது கேட்டது.

பிறகு அம்மா மெதுவாகக் கேட்டார்: "அந்த மவராசிக்கு யாராச்சும் சோறு போட்டீங்களாடி?"