தொடுகோடு வரைந்த வருஷம்

வரைபடத் தாளின் பச்சைக் கட்டங்களில் வியர்த்த உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும். கையைத் தூக்கினால் தாளும் கூடவே எழுந்து, மெல்லிய சத்தத்தோடு பிரிந்து மறுபடி பெஞ்சில் விழும். பத்தாம் வகுப்பைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் வருவது அந்தச் சத்தம்தான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். மேலூரில் ஊசி போட்டும் இறங்கவில்லையென்று மதுரைக்குக் கொண்டுபோனோம். அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது. வந்த பெண்களெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. "பிள்ளை மனசுக்குள்ளயே வச்சிருக்கா" என்றார்கள். எனக்கோ உள்ளே எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன்.

பள்ளிக்குத் திரும்பியபோது அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. அதற்கு முன் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த என்னை, சாயங்கால "மெல்லக் கற்போர்" வகுப்பில் உட்காரவைத்தார்கள். நாங்கள் அதை "பாஸ் கிளாஸ்" என்போம். திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் கணக்கு டீச்சர், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இங்க பாரு மலர், வடிவியல்ல ஒண்ணு, கிராஃப்ல ஒண்ணு, ரெண்டும் சேத்து பதினாறு மார்க்கு. இதை மட்டும் விட்டுராத. மத்ததைப் பிறகு பாப்போம்" என்று தாளை நீட்டினார்.

எனக்கு அது வசதியாக இருந்தது. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைத்து, அதை மையத்தோடு சேர்த்து, அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு போட்டு, வெட்டுகிற இடத்தில் காம்பஸ் முள்ளை ஊன்றி மையம் வழியாக இன்னொரு வட்டம் இழுத்தால், வட்டங்கள் இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே புள்ளியிலிருந்து தொடுகோடுகள் போய்ச் சேரும். இதில் நான் எதையும் நினைக்க வேண்டியதில்லை, ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்தது. டீச்சர் போதும் என்ற பிறகும் வரைந்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் ரம்யா. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள். கணக்கென்றால் அவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தகராறு. கிராஃப் போடும்போது அவள் புள்ளிகளைப் படிப்பாள், நான் குறிப்பேன். ஒருநாள் படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "உனக்கு அழுகையே வரலையாடி?" என்றாள்.

"வரல."

விரலை அடுத்த புள்ளிக்கு நகர்த்தினாள். "சரி, மைனஸ் ரெண்டு, நாலு" என்றாள். குறித்தேன்.

அப்பா "குட்டியானை" என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினார். கல் பட்டறைகளுக்கும் மார்க்கெட்டுக்கும் லோடு அடிப்பார். வீட்டைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா திருவாதவூரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் மாடு கன்று, வயல், பேரப்பிள்ளைகள் என்று அங்கே ஆயிரம் வேலை. "எம்புட்டு நாளைக்கு நான் இங்கயே கெடக்க முடியும் தம்பி? பரிச்சைய எழுதட்டும். பெயிலானா வீட்டுலயே இருந்து சோறாக்கிப் போடட்டும். பாசானாலும் மேல படிக்கணுமான்னு யோசிச்சுக்க" என்றாள். அப்பா "ம்" என்றார். சுவரின் இந்தப் பக்கம் நான் எல்லாவற்றையும் கேட்டேன். பயமோ கோபமோ வந்திருக்க வேண்டும். காம்பஸில் பென்சிலைச் செருகித் திருகி இறுக்கினேன்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மாடு கன்று போட்டதென்று அத்தை ஊருக்குப் போய்விட்டாள். நான் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அடுப்படித் தரையிலேயே தாளை விரித்து வட்டம் போட ஆரம்பித்தேன். அப்பா வந்து அடுப்பை அணைத்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். வீடு முழுக்கப் புகை.

"அப்பா, சோறு..."

"நீ வட்டத்தைப் போடு பாப்பா" என்றவர், கருகாத சோற்றை மேலாக அள்ளித் தட்டில் வைத்துக்கொண்டு, என் தாளை மிதித்துவிடாமல் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

பாஸாகிவிட்டேன். பெரிய மார்க் இல்லை. ரம்யாவும் பாஸ், தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்துக்கொண்டு ஓடிவந்து என் வாயிலும் ஒன்றைத் திணித்தாள். அன்று சாயங்காலம், ஊரிலிருந்து வந்திருந்த அத்தை மறுபடி கேட்டாள், "இனி என்ன தம்பி செய்யப் போற?"

"படிக்கட்டும்க்கா. சோறு நான் வடிச்சுக்கிறேன்."

அந்த வருஷம் முழுக்க அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை பையைத் தூக்கிக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்பது எனக்குத் தெரிந்தது. சாக்லேட் தாளை மடித்துக்கொண்டு நின்றேன்.

படித்தேன், இப்போது மதுரையில் வேலை பார்க்கிறேன். அந்த வகுப்பறையை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டிவிட்டார்கள். அம்மாவின் சேலைகள் உறவுக்காரர்களுக்குப் போய்விட்டன. அவள் குரல் பதிந்திருந்த பழைய போனும் ஒருநாள் உயிர் பெறாமலே போனது. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா திடீரென்று கேட்டார்.

"உங்கம்மா கொரலு கட்டையாவா இருக்கும், மெலிசாவா?"

நானும் யோசித்தேன், அவரும் யோசித்தார். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் அப்பா எழுந்து போய் வாசல் லைட்டைப் போட்டார்.