அமெரிக்காவில் தட்டு கழுவியவர்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து கோணல்தான், ஆனால் நானே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், எங்களோடுதான் இருக்கிறார். இளவட்டத்தில் ஒரே ஒரு வருஷம் அமெரிக்காவில் ஏதோ சின்னக் காலேஜில் படித்தார். அந்த ஒரு வருஷப் பெருமையைத்தான் இன்றைக்கும் ஊருக்கெல்லாம் அளக்கிறார். மூத்தார் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கமில்லை. அதனால் நானும் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டுத் தொலைத்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டு ஊ மணி வந்திருந்தார்; இங்கே பெரியவர் பேருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஊ' சேர்ப்போம். மூத்தார் புரோட்டாவை மென்றபடி, "அங்க படிக்கிறவனே தட்டு கழுவணும், ஊ மணி. நானும் தினம் கழுவினேன். அதல்லவா படிப்பு!" என்றார். அதே மூச்சில், நர்ஸ் பரீட்சைக்குக் கிளம்பிய என் பேத்தியைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இந்தத் தட்டக் கழுவி வச்சிட்டுப் போ."

"பஸ் போயிரும் தாத்தா. பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"பெரியவங்க சொன்னா எதுத்துப் பேசுறதா?"

அவள் கண் கலங்கிப் பையைக் கீழே வைத்தாள். நான் வெளியே வந்தேன். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"அமெரிக்காவுல கழுவின கைதானே? இங்கயும் கழுவட்டும். நீ ஓடுடி!"

ஊ மணி சிரித்துவிட்டார். மூத்தார் தட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோனார். கழுவி வைத்த தட்டில் எண்ணெய் அப்படியே இருந்தது. அந்தக் காலேஜ் அதைக்கூட உருப்படியாகச் சொல்லித்தரவில்லை.

இந்த மனிதருக்கா இத்தனை காலம் கதவுக்குப் பின்னால் நின்றேன்?

ஏடி பேத்தி, இங்கே வா. இதை வாசி. சத்தமாக வாசி, முன்னறையில் அவருக்கும் கேட்கட்டும்.