சோழன் வெட்டாத குகை

அந்தக் குகைக்கு இப்போது மூன்று வயதுகள் இருக்கின்றன. கோயில் தலைவர் சொல்லும் வயது ஆயிரம் ஆண்டு. கைப்பேசியில் காணொளி எடுத்துப் போடும் 'ஆய்வாளர்' சொல்வது ஆயிரத்து ஐந்நூறு. பார்ப்பவர்கள் கூடக் கூட அதுவும் கூடும். ஊர் வரலாறு எழுதுகிற நான் சொல்லும் வயது இவற்றில் ஒரு சிறு துண்டுக்குக்கூட வராது. அதனால் அதை யாரும் கேட்பதில்லை.

என்னிடமும் திட்டமான ஆண்டு கிடையாது. சுரங்கம் தொடங்கியதற்கு இரண்டு இடங்களில் இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. மூன்றாவது சான்று கிடைக்கும்வரை இரண்டையும் எழுத மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய் எங்கள் ஆட்களிடம் அரிது.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு பழைய தோட்டம். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் காலியாகி, ஆட்கள் செனாவாங் தொழிற்சாலைகளுக்கும் சிரம்பான் அடுக்குமாடிகளுக்கும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தோட்டத்தின் பின்பக்கக் குன்றில் ஒரு துளை. தோட்டத்து மக்கள் அதை 'லம்பம்' என்பார்கள். வெள்ளீயச் சுரங்கம் என்று பொருள். எங்கள் மாநிலத்தில் ஈயத்தைப் பெரும்பாலும் மணலைக் கழுவித்தான் எடுத்தார்கள். பாறைக்குள் நரம்பாக ஓடிய ஈயத்தைத் துரத்திக்கொண்டு மலையைக் குடைந்த இடங்கள் கொஞ்சம். இது அவற்றில் ஒன்று. முதலில் சீனத் தொழிலாளர்கள், பிறகு வெடிமருந்தோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, பிறகு விலை விழுந்து வௌவால்கள்.

துளையின் வாயில் ஒரு கல் உண்டு. சிவப்புத் துணி கட்டி, அம்மன் என்று கும்பிட்டார்கள். ஏன் அங்கே வைத்தார்கள் என்று லயத்தில் பிறந்த பல பெண்களைக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பிள்ளைகள் உள்ளே போகாமல் இருக்க. அதாவது அது ஒரு வேலி. கம்பி வேலி கட்டக் கையில் ஒன்றும் இல்லாதவர்கள் தெய்வத்தை நிறுத்தி வைத்தார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஏற்பாட்டில் இருந்த அறிவுக்கு மரியாதை உண்டு.

அதே அறிவு பேரப்பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. தோட்டத்தில் ஆளே இல்லாத காலத்தில் அங்கே ஒரு கோயில் நிர்வாகம் முளைத்தது. தலைவர் செனாவாங்கில் பத்துப் பன்னிரண்டு லோரி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் பக்தர். ஒரு மாலை ரஹாங்கில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே பேசினார்.

"ஐயா, கும்பாபிஷேக மலர் போடுறோம். நாலு பக்கம் எழுதிக் குடுங்க லா. சோழர் காலத்துக் குகைன்னு ஆரம்பிங்க, மத்தத நீங்க பாத்துக்குங்க."

"சோழர் காலம்னு யார் சொன்னது?"

"பாத்தாலே தெரியுதே ஐயா!"

பார்க்கப் போனேன். மழைக்காலணியும் இரண்டு கைவிளக்குகளும் நான் கொண்டு போனேன்; தலைவர் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்தார். குகை வாயில் முன்பு 'பஹாயா', அதாவது அபாயம், என்று மலாயில் எழுதிய தகரப் பலகை ஒன்று இருந்தது. அதைக் கழற்றித் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று எழுதியிருந்தார்கள். இந்த நிர்வாகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். சுவரில் நீர் கசிந்து துரு நிறத்தில் வழிந்திருந்தது. தரையில் தண்டவாளக் கட்டைகள் கிடந்த பள்ளங்கள், ஏணிப்படி போல. பாறையில் நீளநீளமாக அரைவட்டத் தடங்கள்: வெடி வைக்கத் துளைத்த துளைகளில் பாறை பிளந்த பிறகு மிச்சப்படும் பாதி. ஆய்வாளர் அந்தத் தடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துப் பேசினார்.

"மக்களே, இதுதான் சோழச் சிற்பியோட உளி!"

"அது வெடி வைத்த துளை. சோழனிடம் டைனமைட் இருந்ததா?" என்றேன்.

அவர் பதிவை நிறுத்தினார். "ஐயா, குரல் உள்ள விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சுவரில் ஆங்காங்கே கையகலக் குழிகள். மேலே கரி பிடித்திருந்தது. சுரங்கக்காரன் விளக்கு வைத்த இடம். ஆய்வாளருக்கு அவை அகல் மாடங்கள். மலையில் விளக்கு வைத்தவன் எல்லாம் தமிழன் என்றால் உலகத்தில் எந்தச் சுரங்கம் நம்முடையது இல்லை?

சிறிது தூரம் போனதும் பாதை ஓர் அறையாக விரிந்தது. அங்கே பூசாரி காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர்; ஒரு தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவலாளி. வாசல் கல்லுக்கு வெள்ளிக்கிழமைகளில் சூடம் காட்டி வந்தவர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கேலி செய்யவில்லை. அங்கே கேலி செய்ய வேண்டாத ஒரே பொருள் அதுதான்.

"இங்கதாண்ணே கருவறை. அம்மன இங்க கொண்டாந்து வெக்கிறோம். நான் இந்த எடத்துல நிப்பேன்." சொல்லிவிட்டுக் காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

தரை மேளம் மாதிரி ஒலித்தது.

"கேட்டீங்களா?" என்றார் தலைவர், தானே அடித்த மேளம் போல. "கீழ இன்னொரு கோயில் இருக்கு!"

குனிந்து சேற்றைச் சுரண்டினேன். கனமான பலகை, உளுத்துப்போய் விரல் நகம் அதில் இறங்கியது. ஈய நரம்பு கீழ்நோக்கி இறங்கினால் சுரங்கக்காரர்களும் பாதையின் நடுவிலேயே கிணறு தோண்டி இறங்குவார்கள். மண்ணை மேலே இழுக்க ராட்டினம் வைக்க இடம் வேண்டும். அதற்காகத்தான் அங்கே அறை விரிந்திருந்தது. வேலை முடிந்ததும் கிணற்றை மூடவில்லை. குறுக்கே பலகைகளைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களும் ஒன்றும் மகான்கள் இல்லை. அந்தப் பலகைகள்தான் தலைவரின் கருவறைத் தரை.

இதை அப்படியே சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அதாவது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல சிமெண்டு போட்டுத்தான் தரை ஓடு ஒட்டப்போறோம் ஐயா. கவலப்படாதீங்க."

"சிமெண்டு பாரம். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் பலகை தாங்கணும்."

"ஐயாவுக்கு எல்லாத்துலயும் ஒரு குறை இருக்கும்," என்று ஆய்வாளரிடம் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூமி பூசை. நான் அழைக்கப்படவில்லை, போனேன். முப்பது பேர் பாதையில் நின்றார்கள். நல்லவேளையாக அறைக்குள் தலைவர், பூசாரி, ஆய்வாளரின் கைப்பேசி மட்டுமே. நடுவில் சிறு குழி பறித்துப் பூசாரி பால் ஊற்றினார். பால் தேங்க வேண்டும். தேங்கவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினார். அதுவும் போயிற்று.

"அம்மா குடிச்சிட்டா!" என்று தலைவர் கத்தினார்.

குகை முழுவதும் எதிரொலி. ஒரு பெண்மணி அழுதார். பால் பொட்டலங்கள் கைமாறிக் கைமாறி உள்ளே போயின. பக்கத்து ஊர்க் கடையில் அன்று பால் தீர்ந்திருக்க வேண்டும். நான் சுவரோடு ஒட்டி நின்று காது கொடுத்தேன். கூச்சல் அடங்கிய ஓர் இடைவெளியில் கீழே, மிகக் கீழே, தண்ணீரில் ஏதோ சொட்டும் சத்தம் தாமதமாகக் கேட்டது. முப்பது பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பால் எங்கே போகிறது என்று யோசிக்காமல் அதைக் குடிக்கிற தெய்வத்தைக் கண்டுபிடிப்பதற்கு எத்தனை தலைமுறைப் பயிற்சி வேண்டும்!

வெளியே வந்ததும் தலைவர் எல்லோர் முன்னாலும் அறிவித்தார்: அம்மன் ஏற்றுக்கொண்டாள்; அடுத்த வெள்ளி அவளைத் தூக்கி உள்ளே வைக்கிறோம்; பூசாரி இனி முழுநேரம். பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜாகா வேலையை விட்டுவிடப் போகிறாராம்.

இந்த மனிதர் தினமும் காலையும் மாலையும் அந்தப் பலகைமேல் நிற்கப் போகிறார். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அவரிடம் தனியாகப் பேசினேன். "அம்மா காலடியில நிக்கிறவனுக்கு என்னண்ணே ஆவப்போவுது?" என்றார். அதற்கு என்னிடம் சான்று ஏதும் இல்லை.

எனவே அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். செனாவாங்கில் அடுக்குமாடி வீடு. மனைவி ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மாலை நேர வேலை. சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். சீனத் தொழிலாளர்கள் வந்த காலம், வெள்ளைக்காரக் கம்பெனி, ஈய விலை என்று நான் வரிசையாக வந்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, வருசமெல்லாம் வேணாம். எம் புருசன் கீழ போவாரா மாட்டாரா, அத மட்டும் சொல்லுங்க."

"போவார்."

"எப்ப?"

"அது எனக்குத் தெரியாது."

"ஊருக்கே தேதி சொல்றவரு, இதுக்கு மட்டும் தெரியாதா?" என்றார். இஸ்திரியை அணைத்தார். "காலைல மோட்டார்ல வர்றேன். காட்டுங்க."

மறுநாள் குகையில் யாரும் இல்லை. பூசைக்குப் பறித்த குழியின் அடியில் இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. பூசாரியின் மனைவி பாறை விளிம்பிலேயே முழந்தாளிட்டு, ஒரு சின்னக் கல்லை எட்டி அதில் போட்டார். காத்திருந்தோம். சத்தம் வந்தபோது அவர் முகம் மாறியது. இன்னொரு கல்லைப் போட்டார். மூன்றாவது கல்லை எடுத்தவர் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீங்க இத அவுங்ககிட்ட சொன்னீங்களா?"

"ரெண்டு தடவை."

"எப்படிச் சொன்னீங்க? எங்கிட்ட சொன்ன மாதிரியா?"

"ஆமாம்."

"வெளங்கிரும்," என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. நாலு பேர் வாசல் கல்லில் கயிறு கட்டினார்கள். உறுமி மேளம் வேகம் பிடித்தபோது, பெண்கள் பக்கத்தில் ஓர் அலறல். பூசாரியின் மனைவி தலைவிரிகோலமாக வந்து குகை வாயில் குறுக்கே நின்றார். அன்று வேலைக்கு விடுப்பு எடுத்திருக்கிறார் என்பதை மட்டும் நான் கவனித்தேன்.

"யாருடா என்ன அசைக்கிறது?"

கயிறு பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். தலைவர் கைகூப்பி முன்னால் வந்தார். "தாயே, உள்ள ஒனக்குப் பெரிய எடம்..."

"நான் வாசக்காரிடா! உள்ள போறவன மறிக்க நிக்கிறேன். என்னத் தூக்கி உள்ள வெச்சா வாசல்ல யாருடா நிப்பா? நீ நிப்பியா? ஒங்க அப்பன் நிப்பானா?"

"தப்புத்தான் தாயே!"

"இங்கயே கூரை போடு. உள்ள ஒரு காலு போகக்கூடாது. கதவு போட்டுப் பூட்டு!"

பத்து லோரி வைத்திருக்கும் மனிதர் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆய்வாளர் கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டு விழுந்தார். வெடித் துளையும் பலகையும் கிணறும் நுழையாத மண்டைகளுக்குள் அது அரை நிமிடத்தில் நுழைந்தது. படித்த புத்தகங்களையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன். பிறகு பக்கத்தில் இருந்தவர் முறைத்ததால் கைகூப்பினேன்.

கூரை இரண்டே வாரத்தில் வந்தது. குகைக்கு இரும்புக் கதவு, பூட்டு. மலரும் வந்தது, கட்டுரையை ஆய்வாளர் எழுதியிருந்தார். சோழன் அம்மனை வாசலில் வைத்ததாகவும், உள்ளே போகக்கூடாது என்று அவனே கட்டளையிட்டதாகவும் அதில் இருக்கிறது. ஆண்டுகூடப் போட்டிருக்கிறார். படித்துவிட்டு மூடி வைத்தேன். திருத்தி அனுப்பினால் அடுத்த பதிப்பில் மாதமும் சேர்த்துப் போடுவார்.

சாமி வந்தது உண்மையா என்று பூசாரியின் மனைவியிடம் ஒரு முறை கேட்டேன். கோயில் வாசலில் பிரசாதக் கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி வந்தா ஞாபகம் இருக்குமாண்ணே?" என்று சொல்லி என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

தகரக் கூரைக்குக் கீழே பூசாரி நின்றார். வேலையை விடவில்லை, காவல் சீருடைக் காற்சட்டைமேலே வேட்டியைச் சுற்றியிருந்தார். உச்சி வெயில் தகரத்தில் இறங்கி, அவர் முதுகெல்லாம் வியர்வை. குகைக்குள் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்று என்னிடம் முணுமுணுத்தார். அந்த இடம் கைநழுவிப் போனதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

"பாவம், ரொம்ப வேர்க்குது," என்றேன் அந்த அம்மாவிடம்.

அவர் கடலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வேர்க்கட்டும்ண்ணே. வேர்க்கிறதுக்கு ஆள் இருக்காருல்ல."